நடுக்கடலில் நேர்ந்த கொடுமைக்கு எங்கே முறையிடுவது?

கரையில் ஒருவருக்குப் பாலியல் கொடுமை நேர்ந்தால், அவர் மனம் எவ்வளவு கலங்கியிருந்தபோதிலும், போலீஸ் நிலையம் எந்தத் தெருவில் இருக்கிறது, அரசாங்க ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போகவேண்டும் என்பதையாவது அறிந்திருப்பார்; ஆனால் கப்பலில் பிரயாணம் செய்யும்போதோ, கப்பலிலேயே உத்தியோகம் பார்க்கும்போதோ அதே கொடுமை நேர்ந்தால், செய்தவனும் அதற்கு ஆளானவரும் ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டு, ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கி, அடுத்த துறைமுகம் வரும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே காலந்தள்ள வேண்டியிருக்கிறது. புகாரை ஏற்கவேண்டிய அதிகாரியே குற்றவாளியாகவோ குற்றவாளியின் நெடுநாள் சிநேகிதராகவோ இருக்கக்கூடும். உல்லாசக் கப்பலானால் வைத்தியர் கம்பெனியின் சம்பளக்காரர்; சரக்குக் கப்பலானால் பெரும்பாலும் வைத்தியரே கிடையாது, மருந்துப் பெட்டி ஓர் அதிகாரியின் பொறுப்பில் இருக்கும். இந்த நிராதரவான சமயத்தில்தான், "நடுக்கடலில் ஏது சட்டம்?" என்று யாரேனும் ஒருவர் காதில் ஓதுவார். அந்தப் பேச்சு பொய். கடலில் சட்டம் இல்லாமற் போகவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட தேசங்களின் சட்டங்கள் ஒரே கப்பலின் மீது ஏககாலத்தில் படிந்திருக்கின்றன என்பதும், அவற்றுள் எது தமக்கு அனுகூலமானது என்று தேர்ந்துகொள்ளும் உரிமை பெரும்பாலும் பாதிக்கப்பட்டவருக்கே உண்டு என்பதும்தான் உண்மை. அந்தத் தேர்வைக் காப்டனின் சௌகரியத்துக்கோ கம்பெனியின் சௌகரியத்துக்கோ விட்டுவிடலாகாது என்பதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

முதலில் அதிகாரம் யாருடையது என்பதைப் பார்ப்போம். 1982-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கையின் 92-ஆம் ஷரத்துப்படி, பெருங்கடலில் செல்லும் கப்பல் எந்தத் தேசத்தின் கொடியைப் பறக்கவிடுகிறதோ அந்தத் தேசத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது. கொடி என்பது கப்பலின் சொந்தக்காரர் எந்த நாட்டவர் என்பதைக் காட்டுவதன்று. ஐரோப்பியக் கம்பெனிக்குச் சொந்தமாய், இந்திய மாலுமிகளைக் கொண்டு, சீனத்துக்கும் பிரேஸிலுக்கும் இடையே ஓடும் கப்பல் பனாமாவிலோ, லைபீரியாவிலோ, மார்ஷல் தீவுகளிலோ பதிவாகியிருப்பது சர்வசாதாரணம். உல்லாசக் கப்பல்களில் பல பஹாமாஸ் கொடியோடு ஓடுகின்றன. கப்பல் ஒரு துறைமுகத்துக்குள் வந்துவிட்டால் அத்துறைமுகத்துக்குரிய தேசத்தின் குற்றவியல் சட்டமும் அதன்மேல் செல்லும். கரையிலிருந்து 12 கடல் மைல் வரையுள்ள எல்லைக்கடலைக் கப்பல் வெறுமே கடந்து போகும்போது, கரைநாட்டுப் போலீஸார் சாதாரணமாகத் தலையிட மாட்டார்கள். ஆனால் காப்டனே உதவி கோரினாலோ, அல்லது கொடி நாட்டின் ராஜதந்திரப் பிரதிநிதி கோரினாலோ அவர்கள் வரலாம் என்று 27-ஆம் ஷரத்து இடமளிக்கிறது. ஆகவே, "என்னால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை" என்று ஒரு காப்டன் சொன்னால், அதை அப்படியே நம்பிவிட வேண்டியதில்லை. இவற்றுக்கு மேலாக, பாதிக்கப்பட்டவருடைய அல்லது குற்றவாளியுடைய சொந்த நாட்டின் சட்டமும் கடல் கடந்து வந்து பற்றுவதுண்டு. அமெரிக்காவும், குற்றவாளி இந்தியப் பிரஜையாயிருந்தால் இந்தியாவும் அதைச் செய்கின்றன. அந்த விவரம் பின்னால் வருகிறது.

இந்த அதிகார விவகாரங்களை வக்கீல்கள் சாவகாசமாக ஆராய்ந்துகொள்ளலாம், சாட்சியமோ காத்திராது. ஆதலால் முதல் மூன்று நாட்களில் செய்யவேண்டியவற்றை இங்கே சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பத்திரமான இடம் ஒன்று வேண்டும். வேறு கேபின் கேட்பதும், நம்பகமான ஒருவரை உடன் தங்கவைக்கும்படி கேட்பதும் சலுகையல்ல, உரிமை. குளிக்காமலும், உடை மாற்றாமலும், பல் துலக்காமலும் இருப்பது எவ்வளவு சிரமம் என்பதை அறிந்தே சொல்கிறோம்: தாங்க முடியுமானால் பரிசோதனை முடியும்வரை பொறுத்திருப்பது நல்லது, தாங்க முடியாமல் குளித்துவிட்டிருந்தாலும் வழக்கு போய்விட்டதென்று எண்ணவேண்டாம். உடைகளையும் படுக்கை விரிப்பையும் தனித்தனியே காகிதப் பையில் போட்டுவைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கி அத்தாட்சி கெட்டுவிடும். மயக்கமருந்து கலந்த பானத்தைக் குடித்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், சில மருந்துகள் பன்னிரண்டு மணி நேரத்துக்குள்ளாகவே சிறுநீரிலிருந்து மறைந்துவிடுமாதலால், முதல் சிறுநீரைச் சுத்தமான மூடியுள்ள பாத்திரத்தில் பிடித்துக் குளிர்பெட்டியில் வைக்கச் சொல்வது அவசியம். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கவேண்டும். கருத்தடை மாத்திரைக்கு ஐந்து நாள் வரை அவகாசம் உண்டென்றாலும் முந்துவதே மேல். கப்பலில் வைத்தியர் இல்லையென்றால், ரேடியோ மூலமாகவோ செயற்கைக்கோள் மூலமாகவோ கரையிலுள்ள டாக்டரின் ஆலோசனை எந்த நேரத்திலும், எந்தக் கொடியுள்ள கப்பலுக்கும், கட்டணமின்றிக் கிடைக்க வேண்டுமென்று 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை விதிக்கிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

நடந்ததை நினைவு மங்குமுன் எழுதிவைப்பதில் கடலுக்கே உரிய ஒரு நுட்பம் உண்டு. கிழக்கும் மேற்கும் செல்லும் கப்பலில் கடிகாரத்தை அடிக்கடி திருத்துவார்கள். ஆகையால் "இரவு பதினொரு மணி" என்று மட்டும் எழுதினால், பிற்பாடு எந்த மணி என்ற தர்க்கம் கிளம்பும். கப்பல் நேரம் இன்னது, கிரீன்விச் நேரம் இன்னது, அன்று மதியம் கப்பல் இருந்த அட்சரேகை தீர்க்கரேகை இன்னவை என்று குறித்துவைத்தால், சம்பவம் எல்லைக்கடலில் நடந்ததா, பெருங்கடலில் நடந்ததா என்ற கேள்விக்கும் விடை அதிலேயே அகப்படும். அந்தச் சமயத்தில் வாட்ச்சில் இருந்தவர் யார், தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டவர் யார், சம்பவத்துக்குப் பின் முதன்முதலில் யாரிடம் வாய்விட்டுச் சொன்னோம் என்ற பெயர்களையும் எழுத வேண்டும். ஏனெனில் அடுத்த துறைமுகத்தில் அவர்களிற் பாதிப் பேர் பணியிலிருந்து சைன் ஆஃப் ஆகி நாலா திசைக்கும் போய்விடுவார்கள். சி.சி.டி.வி. பதிவு சில வாரங்களில் தானாகவே அழிந்து அதன்மேல் புதிய பதிவு ஏறிவிடும்; இன்ன நாள், இன்ன மணியிலிருந்து இன்ன மணிவரை, இன்ன தளத்தின் பதிவையும், கதவுச் சாவியின் மின்பதிவையும், லாக் புத்தகத்தையும் பாதுகாத்து வைக்கவேண்டும் என்று காப்டனுக்கும் கம்பெனிக்கும் எழுத்துமூலம் அறிவித்து, அதன் நகலைக் கப்பலுக்கு வெளியே உள்ள ஒருவருக்கு அனுப்பிவிடுவது மிக முக்கியம். கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி வந்து வாக்குமூலம் கேட்டால், தெரியாத பாஷையில் எழுதிய எதிலும் கையெழுத்திட வேண்டாம். தெரிந்த பாஷையிலிருந்தாலும் நகல் கொடுத்தால் மட்டுமே கையெழுத்து என்று சொல்லலாம். "கோரிக்கை ஏதுமில்லை" என்று ஒரு தாளை நீட்டிச் சம்பளத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிடும் வழக்கம் உலகெங்கும் உண்டு. அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டவருக்கும் வழி முற்றும் அடைபட்டுவிடவில்லை. மாலுமி எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம் அவர் பூரணமாக அறிந்து சுயேச்சையாக எழுதியதுதான் என்று நிரூபிக்கும் பொறுப்பு அதைக் காட்டும் எதிராளியையே சாரும் என்று 1942-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

அமெரிக்காவின் பெயர் இங்கே அடிக்கடி வருவதற்குக் காரணம் உண்டு. உலகின் பெரிய உல்லாசக் கப்பல் கம்பெனிகள் பல மயாமி நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்டவை. அவற்றின் சமையலறைகளிலும் கேபின் சேவையிலும் நம்மவர் உள்படப் பல நாட்டு இளைஞர்களும் யுவதிகளும் பணிபுரிகிறார்கள். அங்கு பாதிக்கப்பட்டவர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் வருஷக்கணக்கில் போராடியதன் பயனாக, 2010 ஜூலையில் உல்லாசக் கப்பல் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 250 பிரயாணிகளுக்குக் குறையாமல் ஏற்றக்கூடியதும், அவர்களுக்குப் படுக்கை வசதியுள்ளதும், அமெரிக்கத் துறைமுகத்தில் ஆட்களை ஏற்றவோ இறக்கவோ செய்வதுமான கப்பல் எந்தக் கொடியைப் பறக்கவிட்டாலும் அது இச்சட்டத்துக்கு உட்பட வேண்டும். கேபின் கதவில் வெளியே நிற்பவரைப் பார்க்கும் துவாரம் முதலிய வசதி இருக்கவேண்டும், பலாத்காரத்துக்கு ஆளானவரைப் பரிசோதிக்கும் உபகரணங்களும், தொற்று தடுக்கும் மருந்துகளும், அவ்விஷயத்தில் பயிற்சி பெற்ற வைத்திய ஊழியரும் கப்பலிலேயே இருக்கவேண்டும், எஃப்.பி.ஐ., கடலோரக் காவற்படை, தூதரகம், பாலியல் கொடுமைக்கு ஆளானோருக்கான உதவித் தொலைபேசி ஆகியவற்றோடு அந்தரங்கமாகப் பேசத் தொலைபேசியும், இணைய வசதியுள்ள கணினியும் இலவசமாகத் தரவேண்டும். பரிசோதனை விவரங்களைப் பாதிக்கப்பட்டவரின் எழுத்துபூர்வமான சம்மதமின்றிக் கம்பெனியிடம் கொடுக்கலாகாது என்ற விதியை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். சம்பளம் கொடுப்பவன் கையில் நோயாளியின் அந்தரங்கம் அகப்படாமல் தடுக்கும் விதி அது. இத்தகைய குற்றப் புகார்களைக் கப்பல் நிர்வாகம் எஃப்.பி.ஐ.க்கு அறிவிக்கவும் கடமைப்பட்டிருக்கிறது. அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து புறப்படும் அல்லது அங்கு வந்துசேரும் அயல்நாட்டுக் கப்பலில், அமெரிக்கப் பிரஜை செய்த அல்லது அமெரிக்கப் பிரஜைக்குச் செய்யப்பட்ட குற்றத்தை அந்நாட்டு மத்திய நீதிமன்றம் விசாரிக்கலாம். இரு தரப்பாரும் அயல்நாட்டவராயிருந்து, சம்பவமும் பெருங்கடலில் நடந்திருந்தால் அந்த வழி பொதுவாக மூடியிருக்கும். அப்போது கொடி நாட்டையும் சொந்த நாட்டையும் நாட வேண்டும்.

குற்றவாளியைத் தண்டிப்பது வேறு, நஷ்டஈடு பெறுவது வேறு. முன்னதற்கு அரசாங்கம் வழக்கு நடத்தும். பின்னதைப் பாதிக்கப்பட்டவரே தொடுக்கவேண்டும். ஒன்று தோற்றாலும் மற்றது ஜயிக்கலாம். பிரயாணியாய் இருந்தவர் முதலில் எடுத்துப் படிக்கவேண்டியது தமது டிக்கெட்டோடு வந்த ஒப்பந்தம். யாரும் படிக்காத அந்தப் பொடி எழுத்தில்தான், ஆறு மாதத்துக்குள் எழுத்துமூலம் அறிவிக்கவேண்டும், ஓராண்டுக்குள் வழக்கு தொடுக்கவேண்டும், அதுவும் மயாமியிலுள்ள மத்திய நீதிமன்றத்தில்தான் தொடுக்கவேண்டும் என்பவை போன்ற நிபந்தனைகள் கிடக்கும். இன்ன இடத்தில்தான் வழக்காட வேண்டுமென்ற நிபந்தனை செல்லும் என்று 1991-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு இரண்டாம் ஆண்டில் வக்கீலைத் தேடினால் காலம் கடந்திருக்கும். அதே சமயம் ஓர் அனுகூலமும் உண்டு. கப்பல் ஊழியன் பிரயாணியைப் பலாத்காரம் செய்தால், கம்பெனி கவனக்குறைவாய் இருந்ததா இல்லையா என்ற விசாரணையே இன்றி அது பொறுப்பேற்க வேண்டும் என்று அட்லாண்டாவிலுள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 2004-இல் தீர்ப்புக் கூறியது; அந்த வழக்கில் சம்பவம் கப்பல் நங்கூரமிட்டிருந்த பெர்முடாவின் கரையில் நடந்தும்கூடப் பொறுப்பு நீங்கவில்லை. ஒரு பிரயாணி மற்றொரு பிரயாணிக்குக் கொடுமை செய்தாலோ, ஆபத்தை முன்கூட்டி அறியக்கூடிய நிலையில் கம்பெனி இருந்தது என்று காட்டவேண்டும். அதற்கும் வழியுண்டு என்பதைப் பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் வழக்கில் அதே நீதிமன்றம் 2019-இல் ஒப்புக்கொண்டது.

கப்பலில் உத்தியோகம் பார்ப்பவரின் நிலை இதனின்றும் வேறானது. அமெரிக்கச் சட்டத்துக்குள் வரக்கூடிய மாலுமிக்கு 1920-ஆம் ஆண்டின் ஜோன்ஸ் சட்டம், எஜமானனின் அஜாக்கிரதையைக் காட்டி ஈடு கேட்கும் உரிமையைத் தருகிறது; குற்றவாளியின் முந்திய நடத்தை தெரிந்திருந்தும் அவனை மீண்டும் கப்பலேற்றியதும், புகாரை மூடிமறைத்ததும் அஜாக்கிரதையே. கப்பல் பிரயாணத்துக்கு லாயக்கற்றிருந்தது என்ற பழைய கடல் நியாயத்தையும் துணைக்கழைக்கலாம்: ஓட்டை விழுந்த கப்பல் மட்டுமல்ல, கொடூர சுபாவமுள்ள மாலுமியை ஏற்றிய கப்பலும் லாயக்கற்றதே என்று 1955-இல் தீர்ப்பாகியிருக்கிறது. யார்மேல் தவறு என்ற கேள்வியே எழாமல், பணிக்காலத்தில் உடல் நலிந்த மாலுமிக்கு உணவும் உறைவிடமும் சிகிச்சையும் கொடுக்கவேண்டிய கடமை இவற்றுக்கெல்லாம் மூத்தது. மனநோய்க்கான சிகிச்சையும் அதில் அடங்கும். இத்தகைய வழக்குகளுக்குப் பொதுவான காலவரையறை மூன்று ஆண்டு. பாலியல் குற்றம் சம்பந்தமானவற்றுக்கு அது ஐந்து ஆண்டாக 2022 டிசம்பரில் நீட்டிக்கப்பட்டது. ஆனால் அயல்நாட்டு ஊழியர்களின் வேலை ஒப்பந்தங்களில், தகராறுகளை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகாமல் மத்தியஸ்தரிடம் தீர்த்துக்கொள்ள வேண்டுமென்ற ஷரத்து பெரும்பாலும் இருக்கும். அதைக் கண்டு சோர்ந்துவிட வேண்டாம்: சக ஊழியர்களால் மயக்கமருந்து கொடுக்கப்பட்டுப் பலாத்காரத்துக்கு ஆளானதாக முறையிட்ட ஒரு கப்பல் ஊழியரின் வழக்கில், வேலையிலிருந்து நேரடியாகப் பிறக்காத கோரிக்கைகள் அந்த ஷரத்துக்குள் அடங்கா என்று 2011-இல் நீதிமன்றம் பிரித்துக் காட்டியது, பாலியல் கொடுமை வழக்குகளில் மத்தியஸ்தத்தைக் கட்டாயப்படுத்துவதற்கு எதிரான தனிச்சட்டமும் 2022 மார்ச்சில் வந்திருக்கிறது.

2022 டிசம்பர் மாற்றத்துக்குப் பின்னணியில் ஓர் இளம்பெண்ணின் தைரியம் இருக்கிறது. அமெரிக்க வணிகக் கப்பற் கல்லூரியின் மாணவி ஒருவர், 2019-இல் கடற்பயிற்சிக்குச் சென்ற கப்பலில் மேலதிகாரியால் தாம் கெடுக்கப்பட்டதை 2021-இல் பெயர் சொல்லாமல் எழுதி வெளியிட்டார். அதன் அதிர்ச்சியில் கல்லூரியின் கடற்பயிற்சி சிறிது காலம் நிறுத்திவைக்கப்பட்டது. பின்பு வந்த சட்டம், புகார்களைக் கடலோரக் காவற்படைக்கு அறிவிக்கத் தவறும் கம்பெனிகளுக்கு 50,000 டாலர் வரை அபராதம் விதித்தது. மாஸ்டர் சாவி யார் கையில் எப்போது இருந்தது என்பதற்குக் கணக்கு வைக்கச் சொன்னது. கேபின்களுக்குச் செல்லும் வழிகளில் காமிராவைக் கட்டாயமாக்கியது. பூட்டிய கேபினை மாஸ்டர் சாவியால் திறந்துகொண்டு வருபவன் யார் என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய கடமையைச் சட்டம் ஏற்க இத்தனை காலம் பிடித்தது வருந்தத்தக்கது.

இனி, எந்த நாட்டு மாலுமிக்கும் பொதுவான வழி. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015-இல் ஏற்றுக்கொண்டது. அதன்படி கப்பலுக்குள்ளேயே புகார் செய்யும் முறை எழுத்தில் இருக்கவேண்டும், அதன் நகல் ஒவ்வொரு மாலுமிக்கும் தரப்பட வேண்டும். மேலதிகாரியைத் தாண்டிக் காப்டனிடமும், காப்டனையும் தாண்டி வெளியாரிடமும் நேரே முறையிடலாம். கூட ஒருவரை அழைத்துப் போகலாம். புகார் செய்தவரைப் பழிவாங்குவது தடுக்கப்பட்டிருக்கிறது. துறைமுகத்தில் ஏறும் அரசாங்கப் பரிசோதகரிடம் சொன்னால், சொன்னவர் யார் என்பதை அவர் ரகசியமாக வைத்திருக்க வேண்டும். கரைக்கு இறங்கி டாக்டரைப் பார்க்கும் உரிமையும், கம்பெனி செலவில் ஊர் திரும்பும் உரிமையும் இதில் அடங்கியவை. சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனத்தின் இன்ஸ்பெக்டர்களும், ஸ்டெல்லா மாரிஸ் போன்ற மாலுமி சேவை நிலையங்களும் பல துறைமுகங்களில் இருக்கின்றன. இரவும் பகலும் பல பாஷைகளில் இயங்கும் சீஃபேரர்ஹெல்ப் என்ற இலவச உதவிச் சேவையும் உண்டு.

இந்தியப் பிரஜைக்கும் இந்தியக் கொடியுள்ள கப்பலில் இருப்பவருக்கும் தாய்நாட்டின் சட்டம் கைகொடுக்கும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் முதற்பிரிவே, இந்தியப் பிரஜை உலகின் எந்த மூலையில் குற்றம் செய்தாலும், இந்தியாவில் பதிவான கப்பலில் எந்த நாட்டவர் குற்றம் செய்தாலும் இந்தச் சட்டம் பற்றும் என்கிறது. வெளிநாட்டில் நடந்த குற்றத்தை விசாரிக்க மத்திய அரசாங்கத்தின் முன்அனுமதி வேண்டும் என்ற விதியைக் காட்டிச் சில போலீஸ் நிலையங்களில் புகாரை வாங்க மறுப்பதுண்டு. அது தவறு, அனுமதி தேவைப்படுவது நீதிமன்ற விசாரணைக்கே, புலன்விசாரணைக்கு அன்று என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாக்கியிருக்கிறது. எல்லையைக் காரணம் காட்டாமல் எந்த நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம். மின்னஞ்சலில் அனுப்பி மூன்று நாளுக்குள் கையெழுத்திட்டாலும் போதும். ஆஸ்பத்திரி தனியாருடையதானாலும் இலவசமாகச் சிகிச்சை தரவேண்டும். பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடுவது தண்டனைக்குரியது. 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, பெண் ஊழியர் மூன்று மாதத்துக்குள் கம்பெனியின் உள்விசாரணைக் குழுவிடம் முறையிடலாம். தகுந்த காரணமிருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். ஆளெடுக்கும் ஏஜெண்டின் லைசென்ஸ் மும்பையிலுள்ள கப்பல் துறைத் தலைமை இயக்ககத்தின் கையில் இருக்கிறதாதலால், அங்கே அனுப்பும் புகாருக்கு ஏஜெண்டுகள் அஞ்சுவார்கள். சம்பளத்தை நிறுத்திவைத்து மிரட்டினால், இந்தியத் துறைமுகத்துக்கு வரும் அக்கப்பலையே சம்பளப் பாக்கிக்காகத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் உண்டு. பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச வக்கீலை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அமர்த்தித் தரும்.

ஆண்களின் விஷயத்தில் நம் சட்டத்தில் பெரிய ஓட்டை இருப்பதை மறைக்கலாகாது. கப்பலில் பயிற்சி பெறும் இளம் கேடட்டுகளில் ஆண்களும் இக்கொடுமைக்கு ஆளாகிறார்கள். பதினெட்டு வயது நிரம்பாதவரானால் 2012-ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டம் ஆண் பெண் பேதமின்றிக் காப்பாற்றும். வயது வந்த ஆணுக்கோ, பழைய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு நீங்கியபின், பலாத்காரம் என்ற பெயரில் வழக்குத் தொடுக்கவே இன்று பிரிவில்லை. காயம், அச்சுறுத்தல், சட்டவிரோதமாக அடைத்துவைத்தல் முதலிய பிரிவுகளில்தான் புகார் எழுத வேண்டும். கொடி நாட்டின் சட்டம் ஆண்களையும் காக்குமானால் அங்கே செல்வதே உசிதம். பார்லிமெண்டு இந்த அநீதியைத் தாமதமின்றித் திருத்தவேண்டும்.

கப்பலேறப் போகும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கப்பலின் பெயர், அதன் அடையாளமான ஐ.எம்.ஓ. எண், கொடி, ஏஜெண்டின் லைசென்ஸ் எண், வேலை ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களும் ஆகியவற்றின் நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். நடுக்கடலிலிருந்து உங்கள் மகளோ மகனோ தழுதழுத்த குரலில் அரைகுறையாக எதையாவது சொன்னால், "ஒப்பந்தம் முடியும்வரை பொறுத்துக்கொள்" என்று சொல்லிவிடாதீர்கள். சொன்னதை நம்பி, தேதியும் மணியும் போட்டு எழுதிவைத்து, அன்றைக்கே ஒரு வக்கீலை நாடுங்கள்.